சேறு, பாறை, தார் ரோடு: பெங்களூர்ல டிரெயில் ஓடுறவங்க குஷன் ஷூ எடுக்குறது எப்படி

மழை ஆரம்பிச்சா போதும், பெங்களூர்ல நம்ம தமிழ் ரன்னிங் ஆளுங்க கிட்ட இருந்து இந்தக் கேள்வி வந்துகிட்டே இருக்கும், "அண்ணா, நல்லா குஷன் இருக்கணும், சேத்துல வழுக்கவும் கூடாது, எந்த டிரெயில் ஷூ எடுக்கலாம்?" ஒரு பேரைச் சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாத்துட்டுப் போகலாம், ஆனா அப்படி சொல்ல எனக்கு மனசு வராது, ஏன்னா பத்தாயிரத்துக்கு மேல செலவு பண்ணி வாங்குற சாமான் அது, தப்பான ஷூவோட ஈர இறக்கத்துல ஓடுனா கணுக்கால் பிரண்டுக்கும், பாறையில விழுந்தா கை உடையும். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஷூவை மறந்துடுங்க, நீங்க ஓடுற தரையைப் பாருங்க. நம்ம ஊர்ல டிரெயில்னு, அதாவது காட்டு மலைப் பாதையில ஓடப் போனா, அது ஒரே தரையா இருக்கவே இருக்காது. துரஹள்ளி காட்டையே எடுத்துக்கங்க, வண்டியை நிறுத்துற இடத்துல தார் ரோடு, உள்ள போனா செம்மண் பாதை, அதுக்கு மேல உருளுற சரளை, நடுவுல மொட்டைப் பாறை. வெயில் காலத்துல அந்த செம்மண் சிமெண்ட் மாதிரி கெட்டியா இருக்கும், அதே மண்ணு மழை பெஞ்ச மறுநாள் காலையில களியா இளகி ஷூ அடியில அப்பிக்கும். ராமநகரம், சாவன்துர்கா பக்கம் போனா கதையே வேற, அங்க பூரா குளோஸ்பேட் கிரானைட்னு சொல்ற பாறை, சாவன்துர்கா 1,226 மீட்டர் உயரத்துல ஒரே கல்லா நிக்குற மலை, காஞ்சிருந்தா எந்த ஷூவும் ஒட்டும், ஈரமாகி பாசி படிஞ்சா நல்ல ஷூவே யோசிக்கும். சிக்கமகளூர், சக்லேஷ்பூர், குடகு பக்கம் காபி எஸ்டேட்ல ஓடுறவங்களுக்கு ஜீப் போற செம்மண் ரோடு, மேல அழுகின இலை, குறுக்க ஓடை, கூடவே அட்டை. மல்நாடு அல்ட்ரா மாதிரி மாரத்தானை விட நீளமான ஓட்டத்துக்கு தயாராகுறவங்க இந்த கடைசி வகையைத்தான் மனசுல வெச்சுக்கணும்.

இப்ப நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். குஷன் வேணும்ங்கறது கெட்டித் தரைக்கு, லக், அதாவது அடிப்பக்கப் பல்லு, வேணும்ங்கறது இளகின தரைக்கு, அப்பர், அதாவது ஷூவோட மேல்துணி, நல்லா இருக்கணும்ங்கறது ஈரத்துக்கு. மூணும் தனித்தனி கணக்கு. சேத்துல ஓடும்போது அடியை வாங்குறது பாதி அந்த மண்ணே தான், அங்க கூடுதல் குஷனால பெரிசா ஒண்ணும் வரப்போறதில்ல. குஷன் உங்களைக் காப்பாத்துறது அந்த தார் ரோட்டுலயும், காஞ்ச ஜீப் பாதையிலயும், பாறை இறக்கத்துலயும், ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நம்ம உடம்பு எடையில ரெண்டு மூணு மடங்கு விசை கால்ல இறங்குதுல்ல, அந்த இடத்துல. அதனால ஷூ பாக்குறதுக்கு முன்னாடி உங்க வழக்கமான லாங் ரன்னை நெனச்சுப் பாருங்க, அதுல எவ்வளவு தூரம் கெட்டி, எவ்வளவு தூரம் கல்லு, எவ்வளவு தூரம் நிஜமாவே சகதி. நம்மள்ல நெறைய பேருக்கு நிஜ சகதி கால்வாசி கூட இருக்காது, ஆனா விழுறது எல்லாம் அந்தக் கால்வாசியில தான் நடக்குது. அதனால தான் ஷூவைத் தூக்கினதும் நான் முதல்ல அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாப்பேன், குஷனை அப்புறம் தான் அமுக்குவேன்.

அடியில இருக்குற ரப்பர் பல்லு, அதைத்தான் லக்னு சொல்றோம். 3 மில்லிமீட்டர், 3.5 மில்லிமீட்டர் லக் இருக்குற ஷூ காஞ்ச பாதைக்கும் கப்பன் பார்க் மண் பாதைக்கும் தாராளமா போதும். மழைக்காலத்துல செம்மண் இறக்கம் இருக்குன்னா 5 மில்லிமீட்டர் பக்கம் வேணும், நம்ம ஊர் நிலைமைக்கு நான் நம்புற அளவு அது தான். 6, 8 மில்லிமீட்டர் எல்லாம் இங்கிலாந்துல புல்லு மலைச் சேத்துல ஓடுறவங்களுக்காக வந்தது, இனோவ்-8 மட்கிளா 8 மில்லிமீட்டர் லக்கோட வரும், அந்த மாதிரி ஷூவைப் போட்டுகிட்டு நம்ம பாறை மேல ஓடுனா பல்லு பல்லா கால்ல குத்தும், தார் ரோட்டுல வேகமா தேஞ்சும் போயிடும், அதுல குஷனும் ரொம்ப குறைவு.

ஆனா லக் எவ்வளவு நீளம்ங்கறதை மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, எவ்வளவு இடைவெளி விட்டு வெச்சிருக்காங்கன்னு பாருங்க, என்னைக் கேட்டா நம்ம செம்மண்ணுக்கு அது தான் பெரிய விஷயம். களிமண் சேந்த மண்ணு ரெண்டு லக்குக்கு நடுவுல போய் அடைச்சுக்கும், லக் நெருக்கமா இருந்தா அந்த மண்ணு வெளிய விழவே விழாது, நூறு அடி ஓடுறதுக்குள்ள அடிப்பக்கம் வழவழன்னு ஒரு தட்டையான மண் தட்டா ஆயிடும், அப்புறம் 5 மில்லிமீட்டர் லக் இருந்தாலும் ஒண்ணு தான் இல்லாட்டியும் ஒண்ணு தான். இடைவெளி நல்லா அகலமா இருந்தா கால் தூக்கும்போதே சோல் வளையுறதுல மண்ணு உதிர்ந்துடும். உதிராத மண்ணு எடையும் ஏத்தும், ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினா ஓடுறதுக்கு ஆகுற சக்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடும்னு ஆராய்ச்சியிலயே காமிச்சிருக்காங்க, நம்ம களி ஒட்டுறப்ப 100 கிராமோட நிக்காது. கடையில நின்னுகிட்டே இதைப் பாக்கலாம், உங்க சுண்டு விரல் ரெண்டு லக்குக்கு நடுவுல சுலபமா போகுதான்னு வெச்சுப் பாருங்க, போச்சுன்னா சேத்துக்கு சரியா இருக்கும். அப்புறம் முன்பாதி லக்கும் குதிகால் லக்கும் எதிர் எதிர் திசையைப் பாத்து இருக்கான்னு கவனிங்க, முன்னாடி இருக்குறது ஏத்தத்துல உந்தித் தள்ளுறதுக்கு, பின்னாடி இருக்குறது இறக்கத்துல பிரேக் பிடிக்குறதுக்கு.

அடுத்தது ரப்பர். லக் சேத்துல கடிச்சுக்கும், ஆனா ஈரப் பாறையில லக்கோட நீளத்தால ஒரு பிரயோஜனமும் கிடையாது, அங்க ஒட்டுறது ரப்பரோட மென்மை. மென்மையான ரப்பர் நல்லா ஒட்டும் ஆனா சீக்கிரம் தேயும், கெட்டி ரப்பர் வருஷக்கணக்குல உழைக்கும் ஆனா ஈரக் கல்லுல வழுக்கும், ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. சில ஷூ சோல்ல மஞ்சள் எட்டுக்கோணத்துல விப்ரம்னு போட்டிருக்கும் பாத்திருப்பீங்க, இத்தாலியில விதாலே பிரமானின்னு ஒரு மலையேறுறவர் 1937ல ஆரம்பிச்சது, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1935ல ஆல்ப்ஸ் மலையில அவரோட நண்பர்கள் ஆறு பேர் இறந்து போனாங்க, மலைக்கு ஒத்துவராத ஷூவும் அதுக்கு ஒரு காரணம்னு தான் அவர் ரப்பர் சோல் பக்கம் போனாரு. அந்தக் கம்பெனியோட மெகாகிரிப்னு ஒரு ரப்பர், ஈரக் கல்லுல நான் நம்பி கால் வைக்குறது அது. மத்த கம்பெனிங்களும் சொந்தமா நல்ல ரப்பர் போடுறாங்க, ஆனா விப்ரம்னு மட்டும் போட்டிருந்தா போதும்னு எடுத்துக்காதீங்க, அவங்க கிட்டயே கெட்டியான ரப்பரும் இருக்கு, மெகாகிரிப்பான்னு பாத்து வாங்குங்க. கடையில லக்கை நகத்தால அழுத்திப் பாருங்க, லேசா உள்ள போய்த் திரும்பி வந்தா மென்மை, பிளாஸ்டிக் மாதிரி விறைப்பா நின்னா கெட்டி. பாசி படிஞ்ச பாறைக்கு மட்டும் எந்த ரப்பரும் வழி சொல்லாது, அங்க நடந்து போங்க, இல்லன்னா உக்காந்து இறங்குங்க, அதுல ஒரு கேவலமும் கிடையாது.

சரி, இப்ப குஷன். தரைக்கும் கால் பாதத்துக்கும் நடுவுல மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் இருக்குங்கறதை ஸ்டாக் ஹைட்னு சொல்வாங்க, 25க்கு கீழ இருந்தா குறைவு, 30ஐத் தாண்டினா நல்ல குஷன், 35, 40னு போற ஷூவும் இப்ப சாதாரணமா வருது. 2009ல பிரான்ஸ்ல ஹோக்கா ஆரம்பிச்சப்ப அந்த தடி சோலைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க, மலை இறக்கத்துல வேகமா ஓடணும்ங்கறதுக்காகவே அதை யோசிச்சாங்க, இப்ப எல்லாக் கம்பெனியும் அந்த வழிக்கு வந்தாச்சு. நீளமான ஓட்டத்துல தொடையும் முட்டியும் அடி வாங்காம இருக்க அந்த ஃபோம் நிஜமாவே உதவுது, 30 கிலோமீட்டருக்கு மேல ஓடுறவங்க மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஆனா உயரம் கூடக் கூட ஒரு ஆபத்தும் கூடுது. கல்லு மேல சாஞ்சு கால் வைக்கும்போது தரையில இருந்து எவ்வளவு உயரத்துல நிக்குறோமோ அவ்வளவுக்கு கணுக்கால் திருகுற விசை அதிகமாகும். மாட்டு வண்டித் தடம், டிராக்டர் சக்கரத் தடம் காஞ்சு போன பாதையில ஓடிப் பாத்தவங்களுக்கு இது புரியும். அதனால உயரமான ஷூ எடுத்தா ரெண்டு விஷயம் கட்டாயம் பாருங்க, ஒண்ணு, அடிப்பாகம் உங்க பாதத்தை விட ரெண்டு பக்கமும் அகலமா விரிஞ்சிருக்கணும், ரெண்டாவது, பாதம் ஃபோம் மேல மொட்டையா உக்காராம, கிண்ணத்துக்குள்ள இருக்குற மாதிரி ரெண்டு ஓரமும் ஃபோம் கொஞ்சம் ஏறி நின்னு உள்ள உக்காந்திருக்கணும். ரோடு ரேஸ் ஷூவுல வர்ற ரொம்ப மெத்து மெத்துன்னு துள்ளுற ஃபோம் கல்லு பாதைக்கு நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன், கால் எங்க இருக்குன்னே தெரியாம ஆடும். கட்டை விரலால மிட்சோலை, அதாவது நடுவுல இருக்குற ஃபோம் அடுக்கை, அமுக்கினா உள்ள போகணும், ஆனா உடனே நின்னுடணும், பஞ்சு மாதிரி அடி வரைக்கும் போகக் கூடாது.

ராக் பிளேட்னு ஒண்ணு இருக்கு, சோலுக்கும் ஃபோமுக்கும் நடுவுல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு, கூரான கல்லு பாதத்துல குத்தாம தடுக்கும். 30 மில்லிமீட்டருக்கு மேல ஃபோம் இருந்தா அது இல்லாமலே சமாளிக்கலாம், குறைஞ்ச குஷன் ஷூன்னா ராமநகரம் பக்கத்துக் கல்லுக்கு அது வேணும். முன்பாதியை அடியில இருந்து கட்டை விரலால பலமா அழுத்தி, உள்ள கையை விட்டுப் பாத்தா அந்த அழுத்தம் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா கல்லும் தெரியும்.

டிராப் பத்தியும் ஒரு வார்த்தை. குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. 10 மில்லிமீட்டர் டிராப்ல பாரம் முட்டிப் பக்கம் கொஞ்சம் கூடும், 4, 5ன்னா கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அதிகம் வேலை செய்யும், ஜீரோன்னா இன்னும் அதிகம். எது நல்லதுன்னு பொதுவா சொல்ல முடியாது, ஆனா இப்ப ஓடுற ரோடு ஷூ 10 டிராப்னா நேரா ஜீரோவுக்கு தாவாதீங்க, கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிடும். முட்டி வலி ஏற்கெனவே இருக்குறவங்க, குதிகால் தசைநார் வலி இருக்குறவங்க இந்த எண்ணைப் பாக்காம வாங்கவே வாங்காதீங்க.

தண்ணி உள்ள வராத ஷூ வாங்கலாமான்னு கட்டாயம் கேப்பீங்க, கோர்டெக்ஸ் போட்டது. நம்ம பக்கத்துக்கு வேண்டாம்னு தான் சொல்வேன். அது தண்ணியைத் தடுக்குறது கணுக்கால் வாய் வரைக்கும் தான், ஓடையில முழங்கால் அளவு இறங்கினா மேல வழியா உள்ள போன தண்ணி வெளிய வர வழி இருக்காது, ஒவ்வொரு காலும் ஒரு வாளி தண்ணியைத் தூக்கிகிட்டு ஓடுற கதை தான். நம்ம ஊர் வெப்பத்துல வேர்வையே உள்ள தேங்கும். பனியில ஓடுறவங்களுக்கு அது சரி, மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்கு நல்ல கெட்டியான மெஷ், அதாவது வலைத்துணி, தான் சரி, தண்ணி உள்ள வரும், பத்து அடியில பாதி வெளிய போயிடும். மெஷ் ரொம்ப மெல்லிசா இருந்தா மண்ணுத்துகள் உள்ள வந்து தோலை உராயும், அதனால நெருக்கமா நெய்த மெஷ் பாருங்க, முன் விரல் பக்கம் ரப்பர் மூடி நல்லா ஏறி ஒட்டியிருக்கணும், வேர்ல இடிச்சா நகம் தப்பிக்கும். நாக்குப் பகுதி ரெண்டு பக்கமும் அப்பரோட தைச்சு இருந்தா சரளை உள்ள நுழையாது, இதை நெறைய பேர் கவனிக்குறதில்ல. குதிகால் சுத்தி தடியா பஞ்சு வெச்ச ஷூ கடையில சொகமா இருக்கும், ஆனா நனைஞ்சா அந்தப் பஞ்சு தண்ணியைக் குடிச்சுட்டு காயவே காயாது.

இனி அளவு. இதுல தான் அதிகமா நேரம் எடுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன், ஏன்னா அளவு சரியில்லாத ஷூவுல குஷனும் வேலை செய்யாது லக்கும் வேலை செய்யாது, கால் ஷூவுக்குள்ள தனியா வழுக்கும். சாயங்காலமா கடைக்குப் போங்க, பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடுறப்ப போடுற அதே சாக்ஸைக் கையில எடுத்துட்டுப் போங்க, கடையில குடுக்குற மெல்லிசு சாக்ஸ்ல அளவு பாக்காதீங்க. யூகே, யூஎஸ், ஈயூ அளவு ஒவ்வொரு கம்பெனிக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், யூகே 8 போட்டு பழகினவர் இன்னொரு கம்பெனியில யூகே 8ஐ ஆன்லைன்ல கண்ணை மூடிகிட்டு ஆர்டர் பண்ணி பத்தாம போறது நம்ம குரூப்ல அடிக்கடி நடக்குது. வீட்டுல ஒரு பேப்பர் மேல நின்னு ரெண்டு பாதத்தையும் கோடு போட்டு சென்டிமீட்டர்ல அளந்து வெச்சுக்கங்க, பெரிய காலோட அளவைத்தான் எடுக்கணும், ஷூ டப்பாவுலயும் சென்டிமீட்டர் அளவு போட்டிருப்பாங்க.

முன்னாடி எவ்வளவு இடம் விடணும்னா, நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம். ரோடு ஷூவுல இதை விட குறைச்சலா விட்டு ஓடுறவங்க இருக்காங்க, டிரெயில்ல விடாதீங்க, நந்தி மலை மாதிரி 1,478 மீட்டர்ல இருந்து கீழ இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னாடி போய் முட்டும், ரெண்டு நாள்ல நகம் கறுத்து அப்புறம் கழண்டு வரும். அகலத்துக்கு ஒரு சுலபமான வழி, ஷூ உள்ள இருக்குற இன்சோலை வெளிய எடுத்து தரையில போட்டு அது மேல நில்லுங்க, பாதம் ரெண்டு பக்கமும் வெளிய வழிஞ்சா அந்த ஷூ உங்களுக்கு குறுகல். சின்ன வயசுல இருந்து செருப்பும் வெறுங்காலுமா வளர்ந்த நம்ம ஆளுங்கள்ல நெறைய பேருக்கு முன்பாதம் விரிஞ்சு இருக்கும், ஐரோப்பா கம்பெனிங்க சிலதோட ஷூவுல அது இறுக்கிப் பிடிக்கும், அப்படி பாதம் இருந்தா வைட்னோ 2ஈ, 4ஈன்னோ போட்டு வர்ற அகல அளவைக் கேளுங்க. பெரிய அளவு எடுத்து அகலத்தை சரி பண்ணலாம்னு பாக்காதீங்க, நீளம் கூடி குதிகால் தூக்கும், சேறு ஷூவைக் கீழ இழுக்கும்போது கால் மட்டும் வெளிய வந்துடும். குதிகால் கொஞ்சமும் ஆடக் கூடாது, நடுப்பாதம் கையால பிடிச்ச மாதிரி இறுக்கமா இருக்கணும், விரல் மட்டும் சுதந்திரமா பியானோ வாசிக்குற அளவுக்கு அசையணும்.

கடையில போட்டதும் கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துட்டு பில் போட்டுடாதீங்க. ஒத்தக் கால்ல அரை நிமிஷம் நில்லுங்க, கணுக்கால் ரொம்ப ஆடினா அந்த குஷன் உயரம் உங்களுக்கு இன்னும் பழகலன்னு அர்த்தம். மாடிப்படி இருந்தா ஏறி வேகமா இறங்குங்க, விரல் முன்னாடி தொடுதான்னு பாருங்க. ஷூவை ரெண்டு கையால பிடிச்சு துணி பிழியுற மாதிரி முறுக்குங்க, கொஞ்சம் எதிர்ப்பு குடுக்கணும், பாறை பாதைக்கு தளதளன்னு முறுகுற ஷூ வேண்டாம். சர்ஜாபூர் ரோடு டெகாத்லான் மாதிரி பெரிய இடம்னா உள்ளயே கொஞ்சம் ஓடிப் பாக்க இடம் இருக்கு, வெக்கப்படாம ஓடுங்க, கமர்ஷியல் ஸ்ட்ரீட், ஜெயநகர் பக்கத்துக் கடையில இடம் இல்லன்னாலும் "அண்ணா, வாசல்ல ரெண்டு தடவ ஓடிப் பாத்துக்கறேன்"னு கேட்டா பெரும்பாலும் விடுவாங்க. மூணு ஷூ போட்டுப் பாத்துட்டு ஒண்ணும் வாங்காம வர்றதும் தப்பில்ல.

மாடல் பேரு கேப்பீங்கன்னு தெரியும், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். குஷன், சேறு, ஈரப் பாறை மூணுக்கும் சேத்து ஒரே ஷூன்னு கேட்டா ஹோக்கா ஸ்பீட்கோட், 5 மில்லிமீட்டர் லக், மெகாகிரிப் ரப்பர், டிராப் 4, 5ங்கற அளவுல, அமெரிக்காவோட அல்ட்ரா ஓட்டக்காரர் கார்ல் மெல்ட்ஸரோட பட்டப்பேரு தான் அந்த ஷூவோட பேரு. பாதம் அகலமா இருந்தா வைட் அளவு தேடணும், சாதாரண அளவு பலருக்கு முன்னாடி இறுக்கிப் பிடிக்கும். அதே கம்பெனியில சேலஞ்சர்னு ஒண்ணு, லக் சின்னது, ரோடும் மண் பாதையும் பாதி பாதி ஓடுறவங்களுக்கு நல்லா பொருந்தும், சகதிக்கு பத்தாது. சாலமன் ஸ்பீட்கிராஸ் சேத்துக்குன்னே பேர் வாங்கினது, 5 மில்லிமீட்டர் லக் அம்பு அம்பா அகல இடைவெளியில இருக்கும், செம்மண் இறக்கத்துல கண்ணை மூடிட்டு நம்பலாம், ஆனா டிராப் 10, குறுகலா இருக்கும், ஈரக் கல்லுல அதே நம்பிக்கை எனக்கு வரல. சாக்கனி பெரெக்ரின் 5 மில்லிமீட்டர் லக், 4 டிராப், குஷன் நடுத்தரம், கல்லு தரை கால்ல தெரியணும்னு ஆசைப்படுறவங்களுக்கு. ஆல்ட்ரால விரல் பக்கம் நல்ல அகலம், டிராப் ஜீரோ, லோன் பீக் 25 மில்லிமீட்டர் ஸ்டாக், அதிக குஷன்னா ஒலிம்பஸ், விரிஞ்ச பாதக்காரங்க ஒரு தடவை போட்டுப் பாக்கணும், ஆனா மேல டிராப் பத்தி சொன்னதை மறந்துடாதீங்க. ஒவ்வொரு வருஷமும் புது பதிப்பு வருது, லக்கும் ஃபோமும் மாத்திடுறாங்க, அதனால பேரைப் பாத்து வாங்காம அந்தப் பதிப்போட லக், ஸ்டாக், ரப்பர் மூணையும் பாருங்க. பழைய பதிப்பு தள்ளுபடியில வந்தா தயங்காம எடுங்க, தரை மாறலையே.

முதல் டிரெயில் ஷூ, பட்ஜெட் கம்மின்னா டெகாத்லான் டிரெயில் ஷூ போதும், எவாடிக்ட்னு வந்துகிட்டிருந்தது இப்ப கிப்ரன் பேர்ல வருது, குஷன் மாடல்லயும் நல்ல லக்கோட கிடைக்கும், ஒரு மழைக்காலம் அதுல ஓடிப் பாருங்க, உங்களுக்கு எது குறையுதுன்னு அப்ப தான் உங்களுக்கே தெரியும், அடுத்ததுக்கு பணம் போடலாம். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, பேரு தெரியாத ஆன்லைன் கடையில பாதி விலைக்கு வர்ற பெரிய பிராண்ட் ஷூ பெரும்பாலும் டூப்ளிகேட், அந்த ரப்பரை நம்பி ஈரப் பாறையில கால் வைக்க முடியாது.

ஷூ வந்ததும் நேரா காட்டுக்குப் போகாதீங்க, ரெண்டு மூணு சின்ன ஓட்டம் பக்கத்து ஏரிக்கரையில ஓடுங்க, எங்க கடிக்குதுன்னு பாருங்க. மேல கணுக்கால் கிட்ட கூடுதலா ஒரு ஓட்டை இருக்கும்ல, அதுல லேஸை விட்டு சின்ன வளையம் பண்ணி எதிர்ப்பக்க லேஸை அதுக்குள்ள விட்டு இழுத்துக் கட்டினா குதிகால் பூட்டு போட்ட மாதிரி நிக்கும், இறக்கத்துல விரல் முட்டாது, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க ஆனா பெரிய மாத்தம் தெரியும். சாக்ஸ் பருத்தி வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது, கொப்புளம் நிச்சயம், மெரினோ கம்பளியோ சிந்தெடிக்கோ போடுங்க, விரல் விரலா உரசுறவங்க அஞ்சு விரல் சாக்ஸ் பாருங்க. மலநாட்டுப் பக்கம் அட்டைக்கு முழங்கால் வரைக்கும் வர்ற அட்டை சாக்ஸ் நடக்குறவங்களுக்கு சரி, ஓடுறவங்களுக்கு நெருக்கமா நெய்த நீள சாக்ஸ் போதும், நின்னு வேடிக்கை பாக்காம இருந்தா சரி.

ஓடி முடிச்சு வந்ததும் சேறு காயுறதுக்கு முன்னாடி குழாய்ல அடிப்பக்கத்தைக் கழுவிடுங்க, பழைய டூத் பிரஷ்ஷால லக் நடுவுல தேய்ங்க, காஞ்சிட்டா கல்லாயிடும். வாஷிங் மெஷின்ல போடாதீங்க, வெயில்லயும் வைக்காதீங்க, ஹீட்டர் பக்கத்துல சுத்தமா வேண்டாம், சூட்டுல பசை விட்டு சோல் பிரியும், ஃபோமும் விறைச்சுப் போகும். இன்சோலை எடுத்துட்டு உள்ள நியூஸ் பேப்பரை உருட்டித் திணிச்சு ஃபேன் அடியில வைங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு பேப்பரை மாத்துங்க. செப்டம்பர், அக்டோபர் மழையில பெங்களூர்ல ஷூ காய ரெண்டு நாள் கூட ஆகும், வாரத்துல மூணு நாள் டிரெயில் போறவங்க ரெண்டு ஜோடி வெச்சுக்குறது நல்லது, ஃபோமும் நடுவுல கொஞ்சம் ஓய்வெடுத்து பழைய நிலைக்கு வரும்.

எப்ப மாத்தணும்னு கேட்டா பொதுவா 500ல இருந்து 800 கிலோமீட்டர்னு சொல்வாங்க, ஆனா டிரெயில் ஷூவுல ஃபோமுக்கு முன்னாடி லக் தான் பெரும்பாலும் போகும், அதுவும் தார் ரோட்டுல தேச்சா இன்னும் சீக்கிரம். முன்பாதியில லக் பாதி உயரத்துக்கு வந்துட்டா மழைக்கால ஓட்டத்துக்கு அந்த ஷூவை எடுக்காதீங்க, குஷன் இன்னும் இருக்கும், காஞ்ச நாள்ல ஜிகேவிகே விவசாயப் பல்கலைக்கழக வளாகத்துக்கு உள்ளயோ கப்பன் பார்க்லயோ ஓட வெச்சுக்கங்க. மிட்சோல் பக்கவாட்டுல சுருக்கம் ஆழமா விழுந்து, ரெண்டு ஷூவையும் மேசை மேல வெச்சு பின்னாடி இருந்து பாத்தா ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுன்னா ஃபோமும் முடிஞ்சது, அதுக்கப்புறம் அந்த ஷூவோட ஓட வேண்டாம்.